நாரையிடம் பாடம் கேட்டவர்: ஓட்டோ லிலியந்தால்



நம் ஈஜோக் வட்டாரத்தில் வானத்திற்குப் பஞ்சமில்லை. செம்பனை வரிசைகளைத் தாண்டி வெளியே வந்தால் நான்கு திசையிலும் வானமே. கோல சிலாங்கூர் ஆற்று முகத்துவாரத்திற்குச் சென்றவர்கள், அங்கே செம்பருந்துகள் சிறகை அசைக்காமலே நெடுநேரம் வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வயல்வெளிகளில் வெண்கொக்குகள் கூட்டமாக எழுந்து பறப்பதையும் கண்டிருப்பீர்கள். விமானம் ஒன்று தாழ்வாக ஒலி எழுப்பிச் செல்லும்போது பள்ளித் திடலில் உருளும் பந்தும் நின்றுவிடும். எல்லாத் தலைகளும் மேலே நிமிரும்.

ஆண்டுதோறும் மேல்வகுப்பு மாணவர்களிடம் என் ஆசை என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்கிறோம். மருத்துவர், ஆசிரியர், வழக்கறிஞர் என்று பலரும் எழுதுவர். ஒருவரோ இருவரோ விமானி ஆக வேண்டும் என்று எழுதுவர். எழுத்துப் பிழைகளைத் திருத்தி, மதிப்பெண்ணும் இட்டுவிட்டு, இது நடக்கிற காரியமா என்று மனத்திற்குள் நகைத்துக்கொண்டவர்களுள் நாமும் உண்டு. அதை ஒளிக்க விரும்பவில்லை. நாம் நகைத்ததற்குக் காரணமும் இருந்தது. வணிக விமானியாகப் பயிற்சி பெற இலட்சக்கணக்கான ரிங்கிட் தேவைப்படுகிறது. குலை வெட்டியும் உதிரிப் பழம் பொறுக்கியும் குடும்பம் நடத்தும் பெற்றோர், அத்தொகையைக் கேட்ட மாத்திரத்தில் பேச்சை மாற்றிவிடுவர். பிள்ளையின் ஆசை அன்றே மடித்து வைக்கப்படும்.

ஆனால் பறக்கக் கற்பது அந்தக் கட்டணத்தோடுதான் தொடங்குகிறதா? இல்லை என்று தம் வாழ்க்கையால் காட்டியவர் ஒருவர் உண்டு. பதினான்கு வயதில், தந்தையை இழந்த நிலையில், நான்கு பலகைத் துண்டுகளும் சில வார்களும் கொண்டு பறக்கக் கற்கத் தொடங்கியவர் அவர். அவர் பெயர் ஓட்டோ லிலியந்தால். ரைட் சகோதரர்களின் பெயரை நம் மாணவர் அறிவர். அச்சகோதரர்கள் யாரைப் பார்த்து ஊக்கம் கொண்டார்கள் என்பதை அறிந்தோர் சிலரே.

ஓட்டோ 1848ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், அன்றைய பிரஷ்ய நாட்டின் பொமரேனியா மாநிலத்தில் உள்ள அங்கிலாம் என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் ஜெர்மனியின் வடகிழக்கில் உள்ளது. தந்தையார் துணி வணிகர். தாயார் கரோலினா இசை பயின்றவர். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் எண்மர். அவர்களுள் பிழைத்து வளர்ந்தவர் மூவரே. ஓட்டோவும், அவரினும் ஓராண்டு இளையவரான தம்பி குஸ்தாவும், தங்கை மரியாவும் அம்மூவர். வணிகம் நொடித்ததால் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயரத் தந்தையார் எண்ணினார். அதற்குரிய ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோதே, 1861இல், அவர் இறந்துவிட்டார். கப்பலேறிப் பிழைக்கச் செல்வது என்னும் சொல்லின் பொருளை நம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் குடும்பம் கப்பல் ஏறவில்லை. தாயார் மூன்று பிள்ளைகளையும் தாமே வளர்த்துப் படிக்க வைத்தார்.

அங்கிலாம் ஊரைச் சுற்றிலும் புல்வெளிகள். அங்கே ஆண்டுதோறும் செங்கால் நாரைகள் வந்து தங்கும். சத்திமுத்தப் புலவர் தம் இல்லாளுக்குத் தூது விட்டதும் இந்தச் செங்கால் நாரையைத்தான் என்பர். அண்ணன் தம்பி இருவரும் பள்ளி விட்டதும் புல்வெளிக்கு ஓடுவர். மற்றப் பிள்ளைகள் நாரையைத் துரத்துவர். இவர்களோ அது எப்படி எழும்புகிறது என்று நோக்குவர். ஒன்றைக் கண்டுகொண்டனர். துரத்தப்பட்ட நாரை, துரத்துவோரை விட்டு விலகி ஓடாமல், காற்று வரும் திசையை நோக்கித் திரும்பியே எழுந்தது. தன்னை விரட்டுபவன் அத்திசையில் நின்றால், அவன் இருக்கும் பக்கமாகவே ஓடிக்கூட எழுந்தது. காற்றை எதிர்கொண்டால் எளிதில் எழலாம் என்பதே இதன் பொருள். இன்றும் பெரிய விமானங்கள் ஓடுபாதையில் காற்றுக்கு எதிர்முகமாகவே எழுகின்றன. இரு சிறுவர்கள் பைசாச் செலவின்றிப் புல்வெளியில் கற்ற பாடம் இது.

நம் தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு பாடம் நடந்ததுண்டு. இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பில் பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டிய சிவசுப்பிரமணிய ஐயர், மாணவர்களுக்கு விளங்கவில்லை என்று கண்டதும் அவர்களைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டினார். அக்கூட்டத்தில் நின்ற சிறுவர்தாம் பிற்காலத்தில் இந்தியக் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். சென்னையில் வானூர்திப் பொறியியல் படிக்கக் கட்டணம் இல்லாதபோது, அவர்தம் தமக்கையார் தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். கலாம் வரலாற்றை நம் மாணவர் பலரும் படித்திருப்பதால் இங்கே விரிக்கவில்லை. படிக்காதவர் நூலகத்தில் கேட்டுப் பெறுக.

ஓட்டோவுக்கு வருவோம். 1862ஆம் ஆண்டு கோடையில், ஓட்டோவுக்கு வயது 14, குஸ்தாவுக்கு 12. இருவரும் மெல்லிய மரப்பலகைகளைக் கொண்டு இரண்டு சிறகுகள் செய்தனர். ஒவ்வொன்றும் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். பலகையின் அடியில் வார்களைத் தைத்து, அவற்றினுள் கைகளை நுழைத்துக்கொண்டனர். நாரையைப் போல மேட்டிலிருந்து கீழ்நோக்கி ஓடிக்கொண்டே கைகளை அடிக்க வேண்டும் என்பது திட்டம். பகலில் செய்தால் பள்ளித் தோழர்கள் எள்ளி நகையாடுவர் என்னும் அச்சத்தால், இரவில் ஊருக்கு வெளியே இருந்த படைப்பயிற்சித் திடலுக்குச் சென்றனர். விண்மீன்கள் ஒளிரும் கோடை இரவு. காற்றோ சிறிதும் இல்லை. ஓடினர், அடித்தனர், வியர்த்தனர். கால் தரையை விட்டு எழவில்லை.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. அச்சிறுவர்கள் இருட்டைத் தேடிச் சென்றது ஏன்? சிறகு செய்யப் பணம் தடையாக இருக்கவில்லை. நகைப்புக்கு அஞ்சியே சென்றனர். காற்று வீசும் பகலை விட்டுவிட்டுக் காற்றில்லாத இரவில் முயன்றதால் முயற்சியும் பலிக்கவில்லை. ஆசையைப் பார்த்து நகைப்போர் பிள்ளையின் காற்றையே பறித்துவிடுகின்றனர் போலும். கட்டுரைக்கு மதிப்பெண் இட்ட எம் கை நினைவுக்கு வருகிறது.

நல்லவேளையாக அவர்தம் வீட்டில் நகைப்பு இல்லை. தாயார் பிள்ளைகளின் முயற்சியைத் தடுக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவர்கள் இரண்டாவது பொறியைச் செய்தபோது, அதற்கு வாத்து இறகுகள் வேண்டியிருந்தன. ஊரில் கிடைத்த இறகுகளையெல்லாம் வாங்கி நாடாவில் வரிசையாகத் தைத்தனர். அதன் பிறகு 1867, 1868ஆம் ஆண்டுகளில் மூன்றாவது பொறி ஒன்று. இம்முறை பறக்க முயலவில்லை. அளந்து பார்க்க முயன்றனர். பொறியையும் அதில் இருப்பவரையும் கயிற்றில் கட்டிக் கப்பி வழியாகத் தொங்கவிட்டு, மறுமுனையில் எடை கட்டினர். ஆளும் பொறியும் சேர்ந்து 80 கிலோ. கால்களால் உதைத்துச் சிறகை அடித்தபோது, மறுமுனையில் 40 கிலோ எடை இருந்தால் மேலே எழ முடிந்தது. மனிதன் தன் தசை வலிமையால் தன் எடையில் பாதியைத்தான் தூக்க முடியும் என்பது எண்ணிக்கையாகவே கைக்கு வந்தது. தோல்வி எத்தனை கிலோ என்று அளந்து குறித்தவர் அவர். பிற்காலத்தில் அவர் செய்த அனைத்துக்கும் இந்த அளக்கும் பழக்கமே அடிப்படையாயிற்று.

படிப்பிற்காக ஓட்டோ முதலில் பொட்ஸ்டாம் நகரத் தொழிற்பள்ளியிலும் பின்னர் பெர்லினிலும் தங்கினார். பெர்லினில் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பழகியபோது தனியறை எடுக்க வசதியில்லை. வண்டியோட்டிகளோடு ஒரே படுக்கையை மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொண்டு உறங்கினார். பின்னர் உயர்தொழிற் கல்லூரியில் சேர்ந்து 1870இல் பொறியாளர் ஆனார். அக்கல்லூரியின் தலைவர், பறப்பதைப் பற்றிக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அதற்குக் காசு மட்டும் செலவிட வேண்டாம் என்று அவருக்கு அறிவுரை கூறினாராம். அறிஞர்கள் பலர், கனமான மனிதன் வானில் பறத்தல் பித்தர் கனவு என்று எண்ணிய காலம் அது. அவ்வாண்டே மூண்ட பிரான்சுப் போரில் ஓட்டோ படைவீரராகச் சென்று மறு ஆண்டு மீண்டார்.

பெர்லின் வாழ்க்கையை விரைந்து கடப்போம். 1878இல் அக்னேஸ் என்னும் அம்மையாரை மணந்தார். நான்கு பிள்ளைகள் பிறந்தனர். தம்பியோடு சேர்ந்து குழந்தைகள் வீடு கட்டி விளையாடும் சிறு கற்களைக் கண்டுபிடித்தார். அவ்விளையாட்டுக் கற்களின் உரிமையை வேறொரு வணிகர் வாங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். சகோதரர்களுக்குக் கிடைத்தது சிறு தொகையே. பின்னர் ஓட்டோ சிறிய நீராவிக் கொதிகலன் ஒன்றை வடிவமைத்தார். எண்ணெய் ஆலையில் பணிபுரியும் பெற்றோர்க்குப் பாய்லரின் அபாயத்தை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பெரிய கலத்தில் நீரைக் கொதிக்க வைப்பதற்கு மாறாகச் சுருண்ட மெல்லிய குழாய்களில் கொதிக்க வைத்தமையால், அவர் செய்த கொதிகலன் வெடிக்கும் அச்சம் குறைந்ததாக இருந்தது. அதை விற்க ஒரு தொழிற்சாலை தொடங்கினார்.

அத்தொழிற்சாலையைப் பற்றி நம் தொழிலாளத் தோழர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1890ஆம் ஆண்டு முதல், நிகர இலாபத்தில் 25 விழுக்காட்டைத் தம் தொழிலாளர்களுக்குப் பங்கிட்டுத் தர ஓட்டோ ஏற்பாடு செய்தார். அந்நாளில் இது அரிதினும் அரிது. உழைப்பாளிகள் குறைந்த கட்டணத்தில் நாடகம் காண வேண்டும் என்று பெர்லினில் ஒரு நாடக அரங்கிற்கும் துணை நின்றார். தாமே நாடகம் எழுதினார். பறத்தலைப் பற்றி எழுதும் கட்டுரையில் இஃது எதற்கு என்று கேட்கலாம். மேலே உயரும் மனிதர் கீழே நிற்பவர்களை மறவாதிருந்தார் என்பதைச் சொல்லாமல் விட எமக்கு மனம் வரவில்லை.

இவ்வளவுக்கும் நடுவே பறவை ஆராய்ச்சி ஓயவில்லை. தட்டையான பலகையைக் காற்றில் சுழற்றி அது எவ்வளவு எடை தூக்குகிறது என்று அளந்தார். பின்னர் நாரையின் சிறகைப் போல் சற்றே வளைந்த பலகையைச் சுழற்றி அளந்தார். வளைந்த பலகையே மிகுதியாகத் தூக்கியது. இது என்ன விந்தை என்பவர், வீட்டில் அம்மாவின் முறத்தை நினைத்துக்கொள்க. பலத்த காற்றில் முறத்தைக் கவிழ்த்துப் பிடித்தால் கையை விட்டுப் பிடுங்கிச் செல்லப் பார்க்கும். இன்னும் எளிய சோதனை ஒன்று: ஒரு காகிதத் துண்டின் ஓரத்தைக் கீழுதட்டின் அடியில் பிடித்து, மேற்புறமாக ஊதுங்கள். தொங்கிக் கிடந்த தாள் மேலே எழுவதைக் காண்பீர்கள். ஓட்டோ தம் அளவுகளையெல்லாம் பட்டியலிட்டு, படம் வரைந்து, 1889இல் ஒரு நூலாக வெளியிட்டார். பறவை பறக்கும் முறையே மனிதன் பறக்கும் கலைக்கு அடிப்படை என்பது அந்நூலின் தலைப்பிலேயே இருந்தது. அப்போது அவருக்கு வயது 41. இரவுத் திடலில் ஓடிய நாளுக்கும் நூல் வெளிவந்த நாளுக்கும் இடையே 27 ஆண்டுகள்.

இனித்தான் பறத்தல் தொடங்குகிறது. இப்பகுதியை மாணவர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

ஓட்டோ உடனே மலையுச்சிக்குச் செல்லவில்லை. நம் நாட்டுப் பிரம்பைப் போல வளையும் வில்லோ மரக் கழிகளைக் கட்டிச் சட்டம் செய்தார். அதன்மேல் பருத்தித் துணியை இழுத்துக் கட்டினார். எடை ஏறத்தாழ 20 கிலோ. அதைக் கைகளில் தாங்கிக்கொண்டு தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு தாவுபலகையின்மீது ஏறினார். அதன் உயரம் 1 மீட்டர் மட்டுமே. அதிலிருந்து புல்தரைமேல் தாவினார். மீண்டும் ஏறினார், மீண்டும் தாவினார். சிறகு தாங்குவதையும், காற்று பக்கவாட்டில் தள்ளுவதையும் உடல் அறிந்துகொண்ட பின்னரே பலகையை 2 மீட்டர் வரை உயர்த்தினார். குழந்தை நடை பழகுவதைப் போலவே அவர் பறக்கப் பழகினார். தத்தித் தத்தி, விழுந்து, எழுந்து, ஒரு முழம் கூடுதலாக.

1891ஆம் ஆண்டு பொட்ஸ்டாமுக்கு அருகே டெர்விட்ஸ் என்னும் சிற்றூரில், ஐந்தாறு மீட்டர் உயரமுள்ள மணல்மேட்டிலிருந்து ஓடிவந்து தாவினார். 25 மீட்டர் தூரம் காற்றிலே மிதந்து சென்று இறங்கினார். நம் பள்ளித் திடலில் பாதியளவும் இராது. ஆயினும் மனித வரலாற்றில் முயன்று, அளந்து, மீண்டும் மீண்டும் செய்து காட்டப்பட்ட பறத்தல் அதுவே என்று அறிஞர் கருதுகின்றனர். 1893இல் ரீனோ என்னும் ஊரின் குன்றுகளிலிருந்து 250 மீட்டர் வரை மிதந்தார். 1894இல் பெர்லினுக்கு அருகே லிக்டர்பெல்டே என்னும் இடத்தில், செங்கற்சூளையின் கழிவு மண்ணைக் குவித்து, 15 மீட்டர் உயரமுள்ள செயற்கைக் குன்று ஒன்றைத் தம் செலவில் எழுப்பினார். குன்று கூம்பு வடிவில் இருந்ததால், காற்று எத்திசையிலிருந்து வந்தாலும் அதனை எதிர்கொண்டு தாவ முடிந்தது. நாரை கற்பித்த பாடம் இங்கும் உதவிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து வேடிக்கை பார்த்தனர். இருட்டுக்குப் போன சிறுவன், பட்டப்பகலில் ஊர் முன்னே பறந்தான்.

அவருடைய பொறியில் இயந்திரம் இல்லை; எண்ணெய்ச் செலவும் இல்லை. முன்கைகளைச் சட்டத்தில் பொருத்திக்கொண்டு, உடலைக் கீழே தொங்கவிட்டு, கால்களை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் வீசித் திசையையும் சமநிலையையும் காத்துக்கொண்டார். ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 2000 முறை பறந்தார் என்பர். ஒவ்வொரு முறையும் சில விநாடிகளே ஆதலின், அத்தனையையும் கூட்டினாலும் ஐந்து மணி நேரம் அளவே வரும். ஐந்து மணி நேரம்! ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தைப் படம் பிடித்து உலகெங்கும் இதழ்கள் வெளியிட்டன. சிறகு விரித்து வானில் நிற்கும் மனிதனின் நிழற்படத்தைக் கண்டபின், மனிதன் பறக்க முடியாது என்று எவராலும் சாதிக்க முடியவில்லை.

தம் பொறியைப் பிறருக்கும் செய்து விற்றார். விலை 500 மார்க்கு. அக்காலத் தொழிலாளி ஒருவரின் பல மாதக் கூலி அது. ஏழைக்கு எட்டும் விலையன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் அவர் தம் அளவுகளையும் பட்டியல்களையும் நூலிலும் கட்டுரைகளிலும் மறைக்காமல் வெளியிட்டமையால், கழியும் துணியும் கையில் உள்ளவன் தானே செய்துகொள்ள வழி இருந்தது. இரஷ்ய அறிஞர் சுக்கோவ்ஸ்கியும் ஆங்கிலேயரான பெர்சி பில்ச்சரும் அவரை நேரில் கண்டு கற்றுச் சென்றனர்.

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஸ்டோல்ன் என்னும் சிற்றூரின் அருகே உள்ள கோலன்பெர்க் குன்றுக்கு, தம் உதவியாளர் பால் பைலிக்கோடு சென்றிருந்தார். பறந்துகொண்டிருந்தபோது வெதுவெதுப்பான காற்றொன்று திடீரெனப் பொறியை மேலே தூக்கி நிறுத்தியது. முன்னோக்கிய வேகம் அற்றுப்போயிற்று. கால்களை வீசி நிமிர்த்த முயன்றார். பலிக்கவில்லை. ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து பொறி தலைகுப்புற வீழ்ந்தது. முதுகெலும்பு முறிந்தது. பெர்லினுக்குக் கொண்டு செல்லப்பட்டு, மறுநாள் உயிர் நீத்தார். வயது 48. அக்னேஸ் அம்மையாருக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படி முடிந்திருக்கும் என்பதை எண்ணாமல், வீரம் வீரம் என்று மட்டும் எழுதிச் செல்வது முறையன்று.

இங்கே மாணவர்களிடம் கண்டிப்பாக ஒன்று கூற வேண்டும். குடையைப் பிடித்துக்கொண்டு கூரையிலிருந்து குதிப்பது பறத்தல் ஆகாது. ஒரு மீட்டர்ப் பலகையிலிருந்து தொடங்கி, ஈராயிரம் முறை பழகிய பொறியாளரையே காற்று ஒருநாள் வீழ்த்திவிட்டது. தரையை விட்டுக் கால் எழும் எந்த முயற்சிக்கும் பயிற்றுநர் அருகில் இருக்க வேண்டும்.

அவர் இறந்த செய்தி, கடல் கடந்து அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை நடத்திய இரு சகோதரர்களை எட்டியது. வில்பர் ரைட், ஓர்வில் ரைட் என்னும் அவர்கள், லிலியந்தாலின் அளவுப் பட்டியல்களை வைத்துக்கொண்டே தம் முதற் சிறகுகளைச் செய்தனர். உடலை அசைப்பது மட்டும் போதாது, சிறகையே முறுக்கித் திருப்ப வேண்டும் என்பதைக் கண்டுகொண்டனர். அவர்களும் இயந்திரத்தில் தொடங்கவில்லை. 1900 முதல் 1902 வரை இயந்திரம் இல்லாத மிதவை விமானங்களில் நூற்றுக்கணக்கான முறை மணல்மேடுகளில் பழகினர். அதன் பின்னரே 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் இயந்திரத்தோடு பறந்தனர். அவ்வளவுக்கும் ஆன மொத்தச் செலவு ஆயிரம் டாலரை எட்டவில்லை என்பர்; அதுவும் கடை வருவாய்தான். 1911இல் பெர்லின் சென்ற வில்பர், அக்னேஸ் அம்மையாரை அவர்தம் இல்லத்தில் கண்டு வணங்கினார்.

இயந்திரம் இல்லாத இந்த விமானத்திற்குக் கிளைடர் என்று பெயர். பணம் இல்லாத இளைஞர்களின் பறக்கும் பள்ளியாக அது மாறிய வரலாறு சுவையானது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு இயந்திர விமானங்கள் கட்டத் தடை விதிக்கப்பட்டது. அந்நாட்டு மாணவர்கள் 1920 முதல் ரோன் மலைப்பகுதியில் உள்ள வாசர்குப்பே என்னும் குன்றில் கூடித் தாமே செய்த கிளைடர்களைப் பறக்கவிட்டனர். மேட்டில் கிளைடரை நிறுத்தி, அதன் மூக்கில் நீண்ட ரப்பர்க் கயிற்றை மாட்டுவர். இருபுறமும் இளைஞர் சிலர் கயிற்றைப் பிடித்துச் சரிவில் ஓடுவர். கயிறு முறுகி நிற்கும்போது பின்னால் பிடித்திருப்பவர் விடுவார். உண்டிவில்லிலிருந்து கல் பாய்வதைப் போல் கிளைடர் பாயும். ஒருவர் பறக்கப் பத்துப் பேர் ஓட வேண்டும். அடுத்து மற்றவர் முறை. எண்ணெய் வாங்கக் காசு வேண்டாம், கால்வலிதான் கட்டணம். நம் பாட்டனும் பாட்டியும் விடியற்காலையில் வெட்டிய பால், பிற நாட்டுப் பிள்ளைகளை வானில் ஏற்றவும் பயன்படும் பொருளாயிற்று என்பதை அவர்கள் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பர்.

இன்றும் உலகின் பல நாடுகளில், இளையோர் வானில் தனியே பறக்க முதல் வழி கிளைடரே. ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் 14 வயது நிறைந்தவர் பயிற்றுநரின் இசைவோடு தனியே கிளைடரில் பறக்கலாம். அங்குள்ள சங்கங்களில் உறுப்பினர்களே கிளைடரைத் தள்ளி, கழுவி, பழுது பார்ப்பதால் செலவு குறைகிறது. இந்தியாவில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு, பள்ளி கல்லூரி மாணவர்களுக்கு வானப் பயிற்சியை அறிமுகம் செய்து வைத்தது. எத்தனையோ எளிய வீட்டுப் பிள்ளைகள் அவ்வழியே முதன்முதல் தரையை விட்டு எழுந்தனர். நம் நாட்டிலும் சாரணர் இயக்கத்தில் தரை, கடல் என்னும் பிரிவுகளோடு வான் சாரணர் பிரிவும் உண்டு. இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவர்கள், அப்பள்ளியில் அது உள்ளதா என்று கேட்டறிவது நன்று. இல்லையென்றால் சிறிய மாதிரி விமானம் செய்யும் குழுவாவது அமைக்கலாம்.

இப்போதே செய்யத்தக்கதும் உண்டு. பழைய பயிற்சிப் புத்தகத்தின் தாளில் அம்பு மடித்து வீசுவதை நாம் வகுப்பில் கண்டித்திருக்கிறோம். இனி கண்டிப்பதோடு நில்லாமல், வெள்ளிக்கிழமை மாலையில் திடலில் வீசச் சொல்லலாம் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். மூக்கில் ஒரு காகிதப் பிடிப்பானைச் செருகினால் எத்தனை அடி கூடுகிறது, சிறகின் ஓரத்தைச் சற்று மேலே மடித்தால் என்ன ஆகிறது என்று அளந்து குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஓட்டோ செய்ததும் அதுதான். செம்பருந்து வட்டமிடும்போது அது எப்பக்கம் திரும்பும்போது உயர்கிறது, எப்போது சிறகடிக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். கணிதமும் அறிவியலும் ஆங்கிலமும் விமானிக்குத் தேவை என்று சொன்னால் மாணவர் முகம் சுளிப்பர். ஆனால் வளைந்த பலகை எத்தனை கிலோ தூக்கியது என்று அறிய ஆசைப்பட்டவனுக்குக் கணக்குக் கசக்காது.

சென்ற மாதம் மீண்டும் அதே தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னோம். விமானி ஆவேன் என்று எழுதிய மாணவி ஒருவரின் தாளில் இம்முறை நாம் மதிப்பெண்ணோடு நிற்கவில்லை. எந்தப் பறவையைப் பார்த்தாய், எங்கே பார்த்தாய் என்று ஓரத்தில் எழுதிக் கேட்டோம். மறுநாள் அரைப் பக்கம் பதில் வந்தது. வயல் வாய்க்காலில் நின்ற கொக்கு, மழைக்காற்று அடித்தபோது காற்றின் பக்கமே திரும்பி எழுந்ததாம்.

குஸ்தாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கலாகாது. பன்னிரண்டு வயதில் அண்ணனோடு இருட்டில் ஓடிய அந்தத் தம்பி, கட்டடக் கலைஞராக நெடுங்காலம் வாழ்ந்தார். அண்ணன் மறைந்த பிறகு அவர்தம் நினைவுகளைத் தொகுத்து எழுதியவர் அவரே. அந்த இரவுகளை நாம் அறிந்ததும் அவரால்தான். முதுமையிலும் அவர் சிறகடித்துப் பறக்கும் பொறி ஒன்றைச் செய்துகொண்டே இருந்தார். லிக்டர்பெல்டே குன்று 1932இல் ஓட்டோவின் நினைவிடமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1933இல், தம் 83ஆம் வயதில் குஸ்தாவ் காலமானார். அவர் செய்துவந்த பொறி அப்போதும் முற்றுப் பெறவில்லை.